சாவியை யார் வாங்குவது

அப்பாவிடம் கார் சாவியைக் கேட்டது போன வருடம் ஐப்பசியில். கேட்கச் சொன்னது அம்மா. "நான் சொன்னா கேக்கமாட்டாரு, நீ வந்து சொல்லு" என்று ஒரு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டு காம்பவுண்டில் உரசினார். பிறகு ஒருநாள் பள்ளிக்கூட முக்கில், சைக்கிளில் வந்த ஒரு பையனுக்கு ஒரு முழம் முன்னால் போய் வண்டி நின்றது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா அதை வீட்டில் சொல்லவே இல்லை. எதிரே இருந்த டீக்கடைக்காரர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து திண்டுக்கல் போய் இறங்கினேன். காலைக் காபி முடிந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம், முடிந்தவரை சாதாரணமாகக் குரலை வைத்துக்கொண்டு, "அப்பா, இனிமே வண்டிய நீங்க எடுக்க வேணாமே" என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வரவும் இல்லை. அப்படி அவர் வராமல் இருந்தது அதுதான் முதல்முறை.

அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து 2011இல் ஓய்வு பெற்றவர். அப்போது வயது 58. முந்தின வாரம்கூட நடுராத்திரி மழையில் நின்று லைன் பார்த்துவிட்டு வந்தார். உடம்பில் தெம்பு இருந்தது, தொழில் கையில் இருந்தது, அது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாசக் கடைசி நாளன்று மாலை போட்டு, இரண்டு பேர் பேசி, ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே இறங்கினார். அதைப் பற்றி அவர் கசந்து பேசி நான் கேட்டதில்லை. "எல்லாருக்கும் அதானப்பா" என்பார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 58 வயதில், நன்றாக வேலை செய்யக்கூடிய மனிதரை, முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு எண் வீட்டுக்கு அனுப்பியது. அவருக்கு வலிக்கவில்லை. 72 வயதில், அவரை நன்றாகத் தெரிந்த, அவர்மேல் பாசமுள்ள ஒருவன், அவருடைய நிலையை மட்டும் பார்த்து ஒரு முடிவைச் சொன்னான். அது அவரை உடைத்துவிட்டது. ஒரு மனிதனை அவன் கூட்டத்தை வைத்து எடை போடாதே, அவனை அவனாகப் பார் என்றுதானே நியாயம் பற்றி நாம் படித்ததெல்லாம்? அப்பா விஷயத்தில் அது ஏன் தலைகீழாகப் போனது?

இந்தக் குடைச்சலோடுதான் அமெரிக்க விமானிகளின் ஓய்வு வயது வழக்குகளைப் படிக்க ஆரம்பித்தேன். தொடக்கத்தில் வேலை நேரத்தில் திருட்டுத்தனமாக ஒரு தீர்ப்பு. பிறகு பல ராத்திரிகள் அதிலேயே போயின.

கதை 1959இல் தொடங்குகிறது. ஜெட் விமானங்கள் வந்துவிட்ட நேரம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அந்த வருடம் ஜனவரியில்தான் போயிங் 707ஐ நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட்ட ஆரம்பித்திருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை 60 வயதில் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. விமானிகள் சண்டை போட்டார்கள், நடுவர் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னார். நிறுவனத்தின் தலைவர் சி.ஆர். ஸ்மித் அப்போது ஒரு கடிதம் எழுதினார். எழுதியது, மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பின் முதல் தலைவரான எல்வுட் கெசாடாவுக்கு. இருவரும் இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் ஜெனரல்களாக இருந்தவர்கள், பழகியவர்கள். 60 வயதை அரசே வரம்பாக வைத்தால் நல்லது என்பதுதான் கடிதத்தின் சாரம். அந்த வருடக் கடைசியில் விதி வந்துவிட்டது. 1960 மார்ச்சிலிருந்து 60 வயது ஆன எவரும் பயணிகள் விமானத்தை ஓட்டக்கூடாது. 1961இல் கெசாடா பதவியிலிருந்து விலகினார். அதே வருடம் அமெரிக்கன் ஏர்லைன்சின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார்.

விதிக்குச் சொல்லப்பட்ட காரணம் மாரடைப்பும் பக்கவாதமும். வயது ஏற ஏற இவை வரும் வாய்ப்பு கூடும், யாருக்கு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல மருத்துவத்தில் வழியில்லை, ஆகவே ஒரு கோடு வேண்டும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடு ஏன் 60இல்? ஏன் 57 இல்லை, 63 இல்லை? 1981இல் முதுமை பற்றிய அமெரிக்க தேசிய ஆய்வு நிறுவனத்தின் குழு இதை ஆராய்ந்துவிட்டு, 60 என்ற எண்ணுக்கு மருத்துவ ரீதியில் தனி முக்கியத்துவம் எதுவும் இல்லை என்றது. சொல்லிவிட்டு, இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் பரிந்துரைத்தது! படித்தபோது சிரிப்பு வந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிவைத்த கோடில் ஒரு விசித்திரமான எண் இருக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மாற்றினால் என்ன உடையுமோ என்று தொடாமல் விடுவோம். நாங்கள் தினமும் செய்கிற வேலைதான் அது.

சிரிப்பு அடங்கின இடம் ஒன்று உண்டு. அதே அமைப்பு, மாரடைப்பு வந்து தேறிய விமானிகளைத் தனித்தனியாகப் பரிசோதித்துத் திரும்பப் பறக்க அனுமதித்தது. 1970களிலிருந்து, குடிநோயிலிருந்து மீண்டவர்களையும் கண்காணித்து காக்பிட்டுக்குத் திருப்பி அனுப்ப ஒரு திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 52 வயதில் பைபாஸ் ஆனவரைத் தனியாகப் பார்க்க முடிகிறது. 60 ஆகி எந்த நோயும் இல்லாதவரைத் தனியாகப் பார்க்க மருத்துவத்துக்கு வழியில்லை என்கிறார்கள். விதிவிலக்கு கேட்டு எத்தனையோ விமானிகள் விண்ணப்பித்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு யாருக்கும் கிடைக்கவில்லை.

நீதிமன்றம் இந்த முடிச்சைத் தொட்டது 1985இல். வழக்கின் பெயர் வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் எதிர் கிரிஸ்வெல். கிரிஸ்வெல் டிசி-10 விமானத்தின் கேப்டன். 1978இல் 60 ஆனது. கேப்டன் சீட்டில் இனி உட்கார முடியாது என்பது அவருக்குத் தெரியும், அதை அவர் கேட்கவும் இல்லை. அந்தக் கால விமானங்களில் காக்பிட்டில் மூன்று சீட் இருக்கும். மூன்றாவது, ஃப்ளைட் இன்ஜினியருடையது. எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக் எல்லாவற்றையும் பக்கவாட்டுப் பலகையில் பார்த்துக்கொள்கிறவர். முன்னால் இருக்கும் இருவரும் செயலிழந்தால் ஒழிய அவர் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். அந்த சீட்டுக்கு அரசு வயது வரம்பு எதுவும் வைக்கவில்லை. "எனக்கு அந்த இடத்தைக் கொடுங்கள்" என்றார். நிறுவனம் முடியாது என்றது. பாதுகாப்புதான் காரணம் என்றது.

அமெரிக்காவில் 1967 முதல் வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இருக்கிறது. 40 வயதைத் தாண்டியவர்களை வயதை மட்டும் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது. தொழிலின் தன்மைக்கே வயது வரம்பு தேவைப்படுகிறது என்றால் மட்டும் விலக்கு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது இதுதான்: பாதுகாப்பு என்று வாயால் சொன்னால் போதாது. அந்த வயதைத் தாண்டிய எல்லோருமோ ஏறக்குறைய எல்லோருமோ அந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்று காட்டு. இல்லையென்றால், ஒவ்வொருவரையும் தனியாகச் சோதிப்பது சாத்தியமே இல்லை, அல்லது நடைமுறையில் மிகக் கடினம் என்று காட்டு. வெஸ்டர்ன் ஏர்லைன்சால் இரண்டையும் காட்ட முடியவில்லை. வேறு நிறுவனங்களில் 60 தாண்டிய ஃப்ளைட் இன்ஜினியர்கள் பறந்துகொண்டுதானே இருந்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்த தீர்ப்பு இது. எண்ணைத் தடை செய்யவில்லை. எண்ணை வைப்பவன் கணக்கு காட்ட வேண்டும் என்கிறது, அவ்வளவுதான்.

ஒரு இடைச்செருகல். அந்த மூன்றாவது சீட் இன்று இல்லை. 1980களில் வந்த 757, 767 விமானங்களிலேயே இரண்டு பேர் போதும் என்று ஆகிவிட்டது. இன்ஜினியர் பார்த்துக்கொண்ட பலகையை கணினி எடுத்துக்கொண்டது. 60 வயதுக்காரருக்கு நீதிமன்றம் வாங்கிக் கொடுத்த இடத்தை எங்கள் தொழில்காரர்கள் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரிடமிருந்தும் வாங்கிவிட்டார்கள். அதை எதிர்த்து வயதுப் பாகுபாடு என்று வழக்கும் போட முடியாது.

சரி, கணக்கு காட்டு என்றால் எப்படிப்பட்ட கணக்கு? விமான மருத்துவத்தில் ஒரு சதவீத விதி என்று ஒன்று உண்டு. ஐரோப்பிய மருத்துவர்கள் உருவாக்கியது. ஒரு விமானி அடுத்த ஒரு வருடத்தில் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். எங்கிருந்து வந்தது அந்த ஒன்று? வருடத்துக்கு 8,760 மணி நேரம். பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு நூற்றில் ஒன்று என்றால் மணிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று. பறப்பில் உண்மையான ஆபத்துக் கட்டம் ஏறுவதும் இறங்குவதும், அது மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கட்டத்தில் ஒருவர் சரிந்தால்கூட, பக்கத்தில் இருப்பவர் நூற்றுக்கு 99 முறை சமாளித்துவிடுவார். எல்லாவற்றையும் பெருக்கினால் நூறு கோடி மணி நேரத்துக்கு ஒரு விபத்து. அந்த அளவை உலகம் ஏற்றுக்கொள்கிறது.

இந்தப் பெருக்கலில் எனக்குப் பிடித்தது, வயது என்ற சொல்லே இதில் இல்லை. 45 வயதில் சிகரெட்டும் பிரஷருமாக இருப்பவர் கோட்டைத் தாண்டியிருக்கலாம், 66 வயதுக்காரர் தாண்டாமல் இருக்கலாம். 1972இல் லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்டெய்ன்ஸ் என்ற இடத்தில் விழுந்து 118 பேர் இறந்த விமானத்தின் கேப்டனுக்கு இதயக்கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அவருக்கு வயது 51. மாறாக 2009இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து நெவார்க் வந்துகொண்டிருந்த கான்டினென்டல் விமானத்தில் 60 வயது கேப்டன் அட்லாண்டிக் மேலே இறந்துபோனார். மற்ற விமானிகள் பத்திரமாக இறக்கினார்கள், பெரும்பாலான பயணிகளுக்கு இறங்கும்வரை விஷயமே தெரியாது. ஆக, காக்கிறது பக்கத்து சீட்.

இதுவரை வந்ததும் எனக்குத் தெளிவாகிவிட்ட மாதிரி இருந்தது. எண் சோம்பேறித்தனம். தனித்தனியாகச் சோதிப்பதே நியாயம். கட்டுரையை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு இன்டர்வியூ நினைவுக்கு வந்து தொலைத்தது.

நான்கு வருடம் இருக்கும். அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு சீனியர் இடத்துக்கு ஆள் எடுத்தோம். வந்தவருக்கு 48 வயது. டேட்டாபேஸ் உள்கட்டமைப்பு பற்றி அவர் சொன்ன பதில், பேனலில் இருந்த எங்கள் மூவரில் யாராலும் சொல்ல முடியாதது. முடிந்து வெளியே வந்ததும் ஒருவர், "ஆளு நல்லாத்தான் இருக்காரு, ஆனா நம்ம டீமுக்கு செட் ஆவாரா?" என்றார். டீமில் சராசரி வயது 29 இருக்கும். எங்கள் கம்பெனியில் வயது வரம்பு கிடையாது. இருந்தால் அசிங்கம். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, திறமையை வைத்து மட்டுமே மதிப்பிடுவோம் என்று இணையதளத்தில்கூடப் போட்டிருந்தார்கள். நான் ஃபார்மில் எழுதினேன்: "வேகமான சூழலுக்குப் பொருந்துவாரா என்பதில் சந்தேகம்." அந்த வரி என்னுடையது. அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

அவருக்கு 58ஓ 60ஓ ஒரு எண் எதிரே நின்றிருந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கலாம், திட்டியிருக்கலாம், எல்லாருக்கும் அதானே என்று சொல்லி ஆறுதலடைந்திருக்கலாம். என் வரியை எதிர்த்து என்ன செய்வார்? தனி மதிப்பீடு என்பது பாரபட்சத்துக்கு மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாரபட்சம் வசதியாக ஒளிந்துகொள்ளும் அறையும் அதுவே.

தனிச் சோதனைக்கு இன்னொரு ஓட்டை உண்டு. டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் பிழைப்பு போய்விடும் என்றால் யார் சொல்வார்கள்? 2015இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 உயிர்களைப் பறித்த துணை விமானிக்கு 27 வயது. தன் நோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தார், டாக்டர் எழுதிக்கொடுத்த விடுப்புச் சீட்டுகளைக் கொடுக்கவே இல்லை. நம் ஊரில் இது வேறு மாதிரி. 40 தாண்டியவர்கள் லைசன்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். அப்பா கடைசியாகப் புதுப்பித்தபோது நான்தான் கூடப் போனேன். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்து போட்டார். கண்ணாடியைக் கழற்றச் சொல்லக்கூட இல்லை. சோதனை என்ற பெயர் மட்டும் இருந்தது.

வயது சாதியைப் போல, நிறத்தைப் போல அல்ல என்று சொல்வார்கள். தத்துவவாதி நார்மன் டேனியல்ஸின் வாதம் இது: எல்லோரும் எல்லா வயதையும் கடந்து போகிறோம், ஆகவே வயதை வைத்து வேறுவேறாக நடத்துவது ஒரே சீராக நடந்தால், முழு வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்கும்போது யாருக்கும் இழப்பில்லை. அப்பாவின் "எல்லாருக்கும் அதான்" என்பதும் இதுவே. அமெரிக்க விமானிகளுக்கும் இது பொருந்தும் போலத்தான் தோன்றும். அங்கே சம்பளம், விமானம், ரூட், லீவு எல்லாமே கம்பெனியில் சேர்ந்த வரிசைப்படி. மேலே இருப்பவர் 60இல் போனால்தான் கீழே இருப்பவர் இடது சீட்டுக்கு வர முடியும். இளமையில் அந்த எண்ணால் லாபம், முதுமையில் நஷ்டம், கணக்கு நேர். விமானிகள் சங்கமே இந்தக் கணக்கில் ஆடியிருக்கிறது. 1960இல் விதியை எதிர்த்து வழக்கு போட்டுத் தோற்றது, 1980களில் அதே விதியைக் காத்து நின்றது, 2007இல் எதிர்ப்பைக் கைவிட்டது. இடையில் திவாலான நிறுவனங்களில் பென்ஷன் கரைந்திருந்தது. 67 ஆக்கலாம் என்று 2023இல் பேச்சு வந்தபோது வேண்டாம் என்றது, 2024 சட்டத்தில் 67 வரவும் இல்லை.

ஆனால் சீராக நடந்தால் என்ற நிபந்தனை எவ்வளவு சுலபமாக உடைகிறது என்று பாருங்கள். 2007 டிசம்பர் 13 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டதும் வரம்பு 65 ஆனது. அதற்கு முன்பே 60 முடிந்தவர்களுக்குச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. வேண்டுமானால் புதிதாக வேலைக்குச் சேரலாம், வரிசையில் கடைசி ஆளாக. டிசம்பர் 12 அன்று 60 ஆனவர் ஓய்வு பெற்றவர். டிசம்பர் 14 அன்று ஆனவருக்கு இன்னும் ஐந்து வருடம். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்திருக்கலாம். 38 வயதில் கேப்டனாவோம் என்று காத்திருந்தவர்களோ இன்னும் ஐந்து வருடம் வலது சீட்டில் உட்கார்ந்தார்கள்.

இப்படிச் சுற்றி வந்ததில் எனக்கு ஒரு வித்தியாசம் பிடிபட்டது. மின்வாரியத்தின் 58 அப்பாவின் உடம்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. உங்கள் முறை முடிந்தது, அடுத்தவர் வரட்டும் என்றது, அவ்வளவே. அதை ஒப்புக்கொள்ள அவருக்குச் சிரமம் இல்லை. 1959இன் 60 அப்படியில்லை. உள்ளுக்குள் அது கம்பெனியின் செலவுக் கணக்கும் முறை வைக்கும் ஏற்பாடும் கலந்தது. வெளியே அது விமானியைப் பார்த்து, நீ ஆபத்தானவன் என்றது. அல் ஹெய்ன்ஸ் என்று ஒரு கேப்டன். 1989இல் எல்லா ஹைட்ராலிக்கும் போன டிசி-10ஐ, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே, கூட இருந்தவர்களோடு சேர்ந்து சூ சிட்டியில் இறக்கினார். 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். அதைப் பிறகு சிமுலேட்டரில் செய்து பார்த்த விமானிகளால் முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து ஹெய்ன்ஸுக்கு 60 ஆனது, வீட்டுக்குப் போனார். முறை முடிந்தது என்று சொல்லியிருந்தால் அதில் பொய் இல்லை. நீ ஆபத்து என்று சொல்வதற்குத்தான் அந்த நீதிபதிகள் கேட்ட கணக்கு வேண்டும்.

நான் அப்பாவிடம் சொன்னது இரண்டாவது வகை. என்னிடம் என்ன கணக்கு இருந்தது? ஒரு உரசல், ஒரு பையன். பெங்களூர் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நானே இரண்டு முறை தூணில் உரசியிருக்கிறேன், யாரும் சாவி கேட்கவில்லை. அதற்காக அந்தப் பையனை மறந்துவிடவும் முடியவில்லை. ஒரு முழம்.

பொங்கலுக்குப் போனபோது கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்தமுறை ஒழுங்காக, சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து. இடது கண்ணில் புரை ஆரம்பம், ராத்திரியில் எதிர் வெளிச்சம் சிரமப்படுத்தும், ஆபரேஷனுக்கு அவசரமில்லை என்றார்கள். திரும்பும் வழியில் ஆட்டோவில் அப்பாவே ஆரம்பித்தார்.

"ராத்திரி எடுக்கல. பைபாஸும் போகல. எழுபத்தஞ்சு வரைக்கும்தான், அப்புறம் நானே குடுத்துர்றேன்."

"ஏன்ப்பா எழுபத்தஞ்சு?"

"ஏன் அம்பத்தெட்டு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சரி என்றேன். சாவி இப்போது முன்னறையில் காலண்டர் ஆணியில்தான் தொங்குகிறது, அவர் எடுத்துப் போய் அவரே மாட்டுகிறார். அவர் வண்டி எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது.